வீட்டுக்கு ஒரு சொல்

குடிநீர் வாரிய அலுவலகத்தின் முன்கூடத்தில் புதிதாக ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு சின்னக் கணினி. திரை, உட்கார்ந்திருக்கும் ஊழியரைப் பார்க்காமல் வந்து நிற்பவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரண்டு பக்கமும் அட்டை வைத்து மறைத்திருந்தார்கள்.

"சத்தமா சொல்லாதீங்க ஐயா! நீங்களே மெஷின்ல அடிங்க. எனக்குக்கூடத் தெரியக் கூடாது" என்று மேசைக்குப் பின்னாலிருந்த பெண் கெஞ்சினாள்.

"எனக்குக் காது மந்தம்மா. மனசுக்குள்ள சொன்னாலும் சத்தமாத்தான் வருது" என்றார் வந்தவர். அவர் வீட்டுச் சொல் 'தவளை' என்பது அதற்குள் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

"வேற சொல் போடுங்கய்யா. தவளை ஊருக்கே தெரிஞ்சு போச்சு."

"தவளை எப்பம்மா ஊருக்குத் தெரியாம இருந்துச்சு?" என்று வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடமே சிரித்தது. காது மந்தமானவரும் காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வேறு சொல்லை அடித்துவிட்டுப் போனார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவளை ஊரில் எல்லோரும் அறிவிப்பு அக்கா என்று கூப்பிடுவார்கள். வாரியத்திலிருந்து வீடுகளுக்குப் போகும் குறுஞ்செய்திகளை எழுதி அனுப்புவது அவள் வேலை. நாளைக்குத் தண்ணீர் வராது, இன்று கலங்கலாக வரும், தொட்டி கழுவுகிறோம் என்று சின்னச் சின்னச் செய்திகள். சின்னச் செய்திதான், ஆனால் நம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போன மழைக்காலத்தில் அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

அப்போது ஊரில் போலிச் செய்திகள் மழையைவிட அதிகமாகப் பெய்துகொண்டிருந்தன. எல்லாம் குடிநீர் வாரியத்தின் பெயரில். உங்கள் இணைப்பைத் துண்டிக்கப் போகிறோம், இங்கே அழுத்துங்கள். உங்கள் பெயரைச் சரிபார்க்க வேண்டும், இங்கே அழுத்துங்கள். அழுத்தியவர்கள் பட்டார்கள். படாதவர்கள் பட்டவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆற்றுநீர் சுத்திகரிப்பில் கோளாறு வந்து, "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று வாரியமே உண்மையாக ஒரு செய்தி அனுப்பியது. ஊர் அதையும் அழித்துவிட்டது. அறிவிப்பு அக்காவின் கீழ்வீட்டுக்காரி அழித்தாள். அவள் மகள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற சின்னப் பெண், வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குழந்தைகள் வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்தார்கள். அதைச் சொன்னது அக்காவின் கணவன். அவன் அந்த வார்டில்தான் செவிலியர்.

பிள்ளை பிழைத்து வீடு திரும்பிய பிறகு, கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினாள்.

"உங்க மேல கோவம் இல்லக்கா. நீங்க அனுப்பினது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க? பள்ளிக்கூடத்துல என் பொண்ணைக் கூப்பிட யார் போனாலும், 'எங்க வீட்டுச் சொல் என்ன'ன்னு கேப்பா. என் தம்பியே போனாலும் சொல்லைச் சொன்னாத்தான் கையைப் பிடிப்பா. ஒரு சின்னப் பொண்ணுக்கு இருக்கிற பாதுகாப்பு உங்க ஆபீஸுக்கு இல்லியேக்கா!"

நல்ல யோசனையை இறைவன் எந்த வாசல் வழியாக அனுப்புவான் என்று யாருக்குத் தெரியும்? சில சமயம் அது கோபத்தின் வழியாகவும் வரும்.

அப்படி வந்ததுதான் அந்த மேசை. ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும். அந்தச் சொல் கணினிக்குள் பூட்டிக் கிடக்கும். எந்த ஊழியராலும் அதைத் திறந்து பார்க்க முடியாது. செய்தி கிளம்பும் நொடியில் மட்டும் அது தானாக வந்து முதல் வார்த்தையாக ஒட்டிக்கொள்ளும். சொல் இல்லாமல் வந்தால் அது வாரியத்தின் செய்தி இல்லை. இன்னும் ஒரு வாக்குறுதியும் உண்டு. எந்தச் செய்தியிலும் எதையும் அழுத்தச் சொல்ல மாட்டோம், எதையும் கேட்க மாட்டோம்.

ஊர் மெல்ல மெல்ல வரிசைக்கு வந்தது. வராத ஒருவர் அக்காவின் வீட்டிலேயே இருந்தார்.

அவள் மாமனார். வீட்டு இணைப்பு அவர் பெயரில்தான், வாரியத்தின் செய்தியும் அவர் அலைபேசிக்குத்தான் போகும். வாழ்நாளெல்லாம் பேருந்து நடத்துநராக இருந்தவர், ஊருக்கே கண்டக்டர் மாமா. வேலை ஓய்ந்தும் விசில் மட்டும் சட்டைப்பையில் ஓயாமல் இருந்தது. போலிச் செய்திகளில் முதலில் பட்டவர்களில் அவரும் ஒருவர். வாரியத்தின் பெயரில் வந்த ஒன்றை நம்பி அழுத்தினார். அலைபேசி பூட்டிக்கொண்டது. திறந்தபோது உள்ளே எதுவுமே இல்லை. மற்றதெல்லாம் போனால் போகட்டும். இறந்துபோன மனைவியின் குரல் அதில் இருந்தது. அவர் வண்டியில் இருக்கும்போது வீட்டிலிருந்து அந்த அம்மாள் அனுப்பிய குரல்செய்திகள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, பல்பு போய்விட்டது, மழை வரும்போல இருக்கிறது. இப்படித்தான் இருக்கும். ஆனால் எதைச் சொன்னாலும் கடைசியில் "மெதுவா வாங்க" என்று முடிப்பார். பேருந்தை ஓட்டுகிறவர் வேறொருவர், கணவர் டிக்கெட் கொடுக்கிறவர் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அன்றுமுதல் மாமா பட்டன் வைத்த பழைய அலைபேசிக்கு மாறிவிட்டார். எந்தச் செய்தி வந்தாலும் படிக்காமலே அழிப்பார்.

"மாமா, ஒரே ஒரு சொல். நீங்க வந்து அடிச்சா போதும்" என்று மருமகள் பலமுறை கேட்டுப் பார்த்தாள்.

"சூடு கண்ட பூனைம்மா நான். நீ பால் வச்சாலும் அடுப்பா இருக்குமோன்னுதான் பார்ப்பேன்."

"நான் வச்ச பாலுமா?"

"உன்னை நம்பறேன். உன் ஆபீஸைத்தான் நம்பல. ஆபீஸுக்கு மூஞ்சி இருக்கா? தப்புப் பண்ணினா முழிக்கிறதுக்கு கண்ணு இருக்கா? பஸ்ல நான் தப்பாச் சில்லறை குடுத்தா பயணி என் மூஞ்சியைப் பார்த்துக் கேப்பான். உன் ஆபீஸ்ல யார் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் கொஞ்ச நாளில் தானாக வந்தது. அவள் விரும்பிய வழியில் வரவில்லை.

முதல் சோதனைச் செய்தி அனுப்பும் நாள். வாரியத்தில் கணினி பார்க்கும் இளைஞனுக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளை. தேநீரைக் கூட ஆறவிட மாட்டான். ஊரில் ஒரு தெருவில் பதினாலாம் எண்ணுக்கும் பதினைந்தாம் எண்ணுக்கும் நடுவில் புதிதாக ஒரு வீடு கட்டியிருந்தார்கள். சோதனைக்கு முன்னால் அந்த வீட்டையும் சேர்த்துவிடலாம் என்று அவசரம் அவசரமாகச் சேர்த்தான். பட்டியலில் வீடுகள் ஒரு படி கீழே இறங்கின. சொற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதற்குப் பிறகு வரும் எல்லா வீட்டுக்கும் பக்கத்து வீட்டின் சொல் போய்ச் சேர்ந்தது.

ஒரு மணி நேரத்தில் முன்கூடம் நிரம்பிவிட்டது.

"எனக்கு 'குறட்டை'ன்னு வந்திருக்கு. இது யார் வீட்டுச் சொல்?" என்று ஒருவர் அலைபேசியை உயர்த்திக் காட்டினார்.

அவருக்குப் பின்னால் நின்றிருந்த பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அவள் கணவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அப்படியா சேதி?" என்றார்.

"வேற சொல் தோணலங்க..."

"தினம் ராத்திரி கேக்கிறதுதானே தோணும்!" என்றது கூட்டம்.

சிரிப்பு கொஞ்ச நேரம்தான். பிறகு ஒரு பெரியவர் கேட்ட கேள்வியில் கூடம் அமைதியானது. "பூட்டி வச்சிருக்கோம், யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே. எங்க வீட்டுச் சொல் பக்கத்து வீட்டுக்குத் தெரியுது. இனிமே உங்களை எப்படி நம்பறது?"

அலுவலகப் பொறுப்பிலிருந்த செயற்பொறியாளர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவையும் அவசரத்தையும் உள்ளே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயம் வந்தால் நல்லவர்களுக்கும் குறுக்குவழிகள் நேர்வழிபோலத் தெரியும்.

"வெளியிலேருந்து யாரோ புகுந்து கெடுத்துட்டாங்கன்னு ஒரு அறிக்கை விட்டுடலாம். ஊர் நம்பிடும். அந்தத் திருட்டுப் பசங்க மேல பழி போட்டா அவங்க வந்து மறுக்கவா போறாங்க?"

அவசரம் தலைகுனிந்து நின்றான். அவன் கண்ணில் நீர் திரண்டிருந்தது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க சார்" என்றாள் அக்கா. "நம்மகிட்ட பொய் வராதுன்னு சொல்றதுக்குத்தானே இந்தச் சொல்லே. முதல் தப்புக்கே பொய் சொன்னா அப்புறம் எதுக்கு சார் அது?"

"சரிம்மா. உண்மையைச் சொல்லணும்னே வச்சுக்க. எப்படிச் சொல்வே? மெசேஜ் அனுப்பினா எந்தச் சொல்லைப் போட்டு அனுப்புவே? அதுதானே கெட்டுப் போச்சு!"

அவள் யோசித்தாள். மாமா கேட்ட கேள்வி காதில் ஒலித்தது. ஆபீஸுக்கு மூஞ்சி இருக்கா?

"நாமளே போவோம் சார். வீடு வீடா. மீட்டர் பாக்கறவங்க மாசாமாசம் எல்லா வீட்டுக்கும் போறாங்க. அவங்க முகம் எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு ஒருத்தரா அவங்களோட சேர்ந்து போய், தப்பு எங்களோடது, மன்னிச்சுக்கங்க, வந்து புதுச் சொல் குடுங்கன்னு சொல்லுவோம்."

"நானுமா?"

"நீங்க வந்தாத்தான் சார் ஆபீஸே வந்த மாதிரி."

செயற்பொறியாளர் நாற்காலியில் சாய்ந்து மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க வாரியம் தெருவில் இருந்தது. சில வீடுகளில் ஏசினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பல வீடுகளில் முதலில் வியந்து, பிறகு உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்கள். வாரியத்தின் தண்ணீரை வாரியத்துக்கே கொடுத்து உபசரிக்கிறார்கள் என்று மீட்டர் பார்க்கிறவர் சிரித்தார்.

ஒரு தெருவில் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். பல ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. அண்ணன் வீட்டுச் சொல், தவறிப்போய், தம்பியின் அலைபேசிக்குப் போயிருந்தது. 'குட்டிப்பயல்.' சின்ன வயதில் அண்ணன் தம்பியை அழைத்த பெயர் அது. தன் வீட்டுக்கு ரகசியமாக ஒரு சொல் வேண்டும் என்றபோது அந்த மனிதருக்குத் தோன்றியது அதுதான். அவசரம் மன்னிப்புக் கேட்கப் போனபோது இரண்டு பேரும் ஒரே வீட்டு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "தப்பாப் போனதுக்கு மன்னிப்பா? போய்யா, போய்ப் பிழைக்கிற வழியைப் பாரு" என்றார் அண்ணன். நம் பிழையிலும் ஒரு நல்லதை வைத்துவிடுகிறவன் ஒருவன் மேலே இருக்கிறான். ஆனாலும் அவசரம் அன்றுமுதல் எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்தான். ஊழியர்கள் அவன் பெயரை நிதானம் என்று மாற்றப் பார்த்தார்கள். ஒட்டவில்லை.

கண்டக்டர் மாமா வீட்டுக்குச் செயற்பொறியாளரே போனார். அன்று மருமகள் வேறு தெருவில் இருந்தாள்.

மாமா கதவைப் பாதி திறந்தார். "யாரு?"

"குடிநீர் வாரியத்திலேருந்து வர்றேன். செயற்பொறியாளர்."

"வாரியம்னு சொல்லிட்டு யார் வேணும்னாலும் வருவாங்க. கார்டைக் காட்டுங்க."

அவர் அடையாள அட்டையைக் கொடுத்தார். மாமா அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தார். புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார். எத்தனையோ பயணிகளின் பாஸை அப்படித்தான் புரட்டியிருப்பார்.

"சொல் மாறிப்போனது யார் தப்பு?"

"எங்க தப்புதான் ஐயா."

"கீழ இருக்கிற பையன் தப்புன்னு சொன்னாங்களே."

"அவன் என் ஆபீஸ் பையன். ஆபீஸ் தப்புன்னா என் தப்பு. மன்னிச்சிடுங்க."

மாமா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கதவை முழுக்கத் திறந்தார். "உள்ள வாங்க. டீ போடறேன். சர்க்கரை போட்டுக்குவீங்களா?"

மறுநாள் காலை வாரியத்தின் முன்கூடத்து வரிசையில் மாமாவும் நின்றிருந்தார். மருமகளைத் தெரியாதவர்போல முறைப்பாக வந்து, திரைக்கு முன்னால் குனிந்து, ஒரு விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார்.

"என்ன மாமா போட்டீங்க?" என்று அவள் ஆசையை அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீதானே போர்டு வச்சிருக்கே? அடுத்த ஆளைப் பாரும்மா!"

வரிசை கைதட்டியது.

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கும் பெண் தொலைபேசியில் மூச்சிரைக்கப் பேசினாள். வடக்குப் பக்கம் கழிவுநீர்க் குழாய் உடைந்து குடிநீர்க் குழாயோடு கலந்துவிட்டது. ஊரில் பாதிக்கு அந்தத் தண்ணீர்தான். குழாயை அடைக்க ஆட்கள் போய்விட்டார்கள். ஆனால் வீட்டுக் குழாய்களில் ஏற்கெனவே வந்து நின்ற தண்ணீரை எப்படித் தடுப்பது? அதைத் தடுக்க ஒரு செய்தியால்தான் முடியும். நம்பினால் மட்டும்.

அக்காவுக்குப் போன ஆண்டு தரையில் விரித்த பாய்கள் நினைவுக்கு வந்தன.

செயற்பொறியாளர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். "இதைப் போட்டுடும்மா." அவள் படித்தாள். 'பொதுமக்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் அறிவித்துக்கொள்வது யாதெனில், எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு...'

"சார், இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தாகம் எடுத்து ஒரு டம்ளர் குடிச்சிடுவாங்க."

அந்தப் பதற்றத்திலும் அவர் சிரித்துவிட்டார். "சரி, நீயே எழுது. கீழ எந்தெந்தத் தெருன்னு பாக்க நம்ம வலைத்தளத்தோட லிங்க் மட்டும் போட்டுடு. ஜனங்களுக்கு உதவியா இருக்கும்."

"லிங்க் போடவே மாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கோம் சார்."

"இன்னைக்கு ஒரு நாள், ஆபத்துக்குத்தானேம்மா..."

"ஆபத்து நாள்லதான் சார் வாக்கைக் காப்பாத்தணும். மத்த நாள்ல காப்பாத்தினதெல்லாம் இன்னைக்குத்தானே." அவள் ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியாக அனுப்பிவிடலாம் என்றாள். கெடுதல் போன தெருவுக்கு ஒரு செய்தி. போகாத தெருவுக்கு, உங்கள் தண்ணீர் நல்லது, பயம் வேண்டாம் என்று ஒரு செய்தி. அவசரம் பட்டியலை மூன்று தடவை பார்த்தான். நான்காவது தடவையும் பார்த்தான்.

அவள் எழுதினாள். "இன்று குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். கழிவுநீர் கலந்துவிட்டது. உங்கள் தெருமுனைக்கு லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. - குடிநீர் வாரியம்." ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். கடவுளே, கேட்கிற காதைக் கொடு என்று வேண்டினாள். பிறகு அனுப்பினாள்.

பிறகு தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போன ஆண்டு இதே தொலைபேசியில் மணி ஓயாமல் அடித்தது. எடுத்ததெல்லாம் ஒரே கேள்வி. "இது உண்மையா?" ஆமாம் என்று சொன்னாலும் நம்பவில்லை. "நீங்களும் அந்தக் கும்பல்தானோ?" என்று கேட்டு வைத்தார்கள்.

மணி அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, பாத்திரம் கழுவலாமா? இல்ல அதுக்கும் கூடாதா?"

"கழுவ வேண்டாம்மா. லாரித் தண்ணில கழுவுங்க" என்றாள். வைத்ததும் அடுத்த மணி. "குழந்தைக்குக் காலையிலேயே ஒரு வாய் குடுத்துட்டேன், என்ன பண்றது?" அதற்கும் பதில் சொன்னாள். அடுத்தது. "எங்க பக்கத்து வீட்டுல போனே இல்ல, நான் போய்ச் சொல்லிட்டேன், சரிதானே?" அடுத்தது. "லாரி எந்த முனையில நிக்கும்?"

கேள்வி மாறிவிட்டது. உண்மையா என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். அக்கா ஒரு கையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டே மறுகையால் கண்ணைத் துடைத்தாள். எதிரே நின்ற செயற்பொறியாளர் பயந்துபோனார்.

"என்னம்மா? நம்ப மாட்டேங்கறாங்களா?"

"நம்பிட்டாங்க சார்!"

மதியம் அவசரம் ஓடி வந்தான். பெயருக்கு ஏற்ற ஓட்டம். "அக்கா, போலி ஒண்ணு கிளம்பிடுச்சு!" அலைபேசியைக் காட்டினான். 'குடிநீர் வாரியம்: தண்ணீர் சுத்தமாக உள்ளது. முன்பு வந்தது வதந்தி. இலவசக் குடிநீர்க் கேன் பெற இங்கே அழுத்தவும்.'

அக்கா உடனே மறுப்பு அனுப்ப உட்கார்ந்தாள். அதற்குள் தொலைபேசி மறுபடி அடித்தது. அந்தக் காது மந்தமானவர்.

"ஏம்மா! கேன் குடுக்கறேன்னு ஒருத்தன் அனுப்பியிருக்கான்! என் சொல்லைக் காணோம்! அதான் உன்கிட்ட மாட்டிவிடலாம்னு கூப்பிட்டேன்!" என்று கத்தினார். அலுவலகம் முழுவதற்கும் கேட்டது. பிறகு யாரோ மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். யார் என்று பார்த்தால், செயற்பொறியாளர்.

மறுப்பை அனுப்பிவிட்டு அவள் தண்ணீர் லாரியிலேயே ஏறித் தன் தெருவுக்குப் போனாள். தெருமுனை திரும்பும்போதே விசில் சத்தம் கேட்டது.

குடங்களும் வாளிகளுமாய் நின்ற கூட்டத்தை மாமா ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "முன்னால இடம் இருக்கு, நகருங்க! கைக்குழந்தைக்காரங்க முதல்ல! ஏய், ரெண்டு குடமா? லக்கேஜ் தனி!" கீழ்வீட்டுக்காரி, நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கு வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அவள் மகள் ஒரு சொம்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடினாள். பாதி வழியில் சிந்தியது. மீதி போய்ச் சேர்ந்தது.

ஒரு இளைஞன் அலைபேசியை நீட்டிக்கொண்டு வந்தான். "மாமா, தண்ணி சுத்தமாயிடுச்சாமே? கேன் வேற இலவசமாம், பாருங்க."

மாமா அதை வாங்கிக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "டிக்கெட் எங்கே?"

"என்ன டிக்கெட் மாமா?"

"உங்க வீட்டுச் சொல் எங்கடா இதுல?"

அவன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "இல்லியே..."

மாமா விசிலை நீளமாக ஊதினார். "டிக்கெட் இல்லாத ஆளை இறக்கி விடு!"

தெரு முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். அவன் வெட்கத்தோடு அந்தச் செய்தியை எல்லோர் முன்னாலும் அழித்தான். லாரியிலிருந்து இறங்கிய மருமகளை மாமா அப்போதுதான் பார்த்தார். "வந்துட்டியா? போய் வரிசையில நில்லு. ஆபீஸ்னா சலுகை கிடையாது."

மாலையில் அவள் கணவன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். அந்த அழைப்பைத்தான் அவள் நாள் முழுக்கப் பயந்து பயந்து எதிர்பார்த்திருந்தாள்.

"சொல்லுங்க. எத்தனை பேர்?"

"காலையிலேயே கட்டில் எல்லாம் தயாரா வச்சுட்டோம். பாய் கூட எடுத்து வச்சுட்டோம்."

"எத்தனை பேருங்க?"

"ஒருத்தரும் வரல! சும்மா உக்காந்திருக்க முடியாம பொம்மைக் கரடிக்குக் கட்டுப் போட்டுக்கிட்டிருக்கேன். டாக்டரம்மா உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னாங்க. உன்னால இன்னைக்கு எங்களுக்கு வேலையே இல்லியாம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சுவரில் சாய்ந்து, இறைவா, நன்றி என்று மெல்லச் சொன்னாள்.

மறுநாள் குழாயை அடைத்து, கழுவி, மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டு ஆய்வகத்துப் பெண் சரி என்றாள். அக்கா நல்ல செய்தியை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் மாமா தன் பட்டன் அலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழிக்கவில்லை.

"இங்க வா. கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. படிச்சுச் சொல்லு" என்றார். கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள்.

'மெதுவா வாங்க. தண்ணீர் சுத்தமாகிவிட்டது. குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, பிறகு தாராளமாகக் குடிக்கலாம். - குடிநீர் வாரியம்.'

முதல் இரண்டு வார்த்தைகளைத் தாண்டி அவளால் உடனே படிக்க முடியவில்லை. அவள் நிமிர்ந்தபோது மாமா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குரல் போயிடுச்சு, அது திரும்ப வராதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "ஆனா அவ சொல்லி நான் கேக்காம இருந்ததில்ல. அதான்."

"இனிமே மெசேஜ் அனுப்பும்போதெல்லாம் அத்தை ஞாபகம் வருமே மாமா எனக்கு."

"வரட்டும். உனக்கும் கொஞ்சம் பயம் இருக்கும். பொய் எழுத மாட்டே."

கீழே கீழ்வீட்டுக்காரி குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. எதிர்வீட்டிலும் திறந்தார்கள். தெரு நெடுகக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கொட்டத் தொடங்கின. மாமா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திருகினார். கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு ஒரு டம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரே மூச்சில் குடித்தார். சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். மாடி அதிர்ந்தது.

"போலாம், ரைட்!"